டார்விக் தளம்: என்பிஏவுக்குத் தேறுபவர்களை அடையாளம் காண உதவுமா?

டார்விக் என்பது அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்தின் புள்ளிவிவரத் தளம். கல்லூரி வீரர்களில் யார் என்பிஏ எனும் அமெரிக்கத் தொழில்முறை லீகுக்குத் தேறுவார்கள் என்று எடைபோட, இலவசமாகக் கிடைப்பவற்றில் இதை மிஞ்ச ஒன்றில்லை. வலுவான அணிகளோடு ஆடிய ஆட்டங்களை மட்டும் தனியே பிரித்துப் பார்க்கும் வசதிதான் இதன் உயிர். சராசரி புள்ளிகளைப் பார்த்து மயங்காதீர்கள். முதலில் இந்த வடிகட்டியைப் போடுங்கள், பாதிப் பெயர்கள் அங்கேயே உதிர்ந்துவிடும்.

அடுத்து ஃப்ரீ த்ரோ, அதாவது ஃபவுலுக்குக் கிடைக்கும், யாரும் தடுக்காத எறிதல். கல்லூரியில் மூன்று புள்ளிக் கோடு 22 அடி 1¾ அங்குலம்; என்பிஏவில் நடுப்பகுதியில் 23 அடி 9 அங்குலம். அங்கே தூரம் கூடுவதால் எறியும் திறன் முக்கியம்; ஆனால் ஒரே சீசனின் மூன்று புள்ளி சதவீதம் அதிர்ஷ்டத்தில் ஏறி இறங்கும். எறியும் கை சுத்தமா என்பதை ஃப்ரீ த்ரோ சதவீதமே நம்பகமாகச் சொல்லும். என்பிஏ வீரர் காவாய் லெனர்ட் கல்லூரியில் மூன்று புள்ளி எறிதல்களில் ஏறக்குறைய 25 சதவீதம்தான் போட்டார். ஃப்ரீ த்ரோவிலோ 75 சதவீதத்தை ஒட்டி இருந்தார். என்பிஏ அணிகள் புதிய வீரர்களை வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில், 2011-இல், 15-ஆவதாகத்தான் எடுக்கப்பட்டார். பிறகு லீகின் நல்ல ஷூட்டர்களில் ஒருவரானார்.

ஸ்டீல் (பந்தைப் பறிப்பது), பிளாக் (எறிதலைத் தடுப்பது) சதவீதங்களையும் டங்க் (பந்தை வளையத்துக்குள் அழுத்திப் போடுவது) எண்ணிக்கையையும் தவறாமல் பாருங்கள். உடல்திறன் ஒளிந்திருப்பது அங்கேதான்.

குறை என்றால், ஷாட் தூரத்தைப் பிரிக்கும் விதம். லேஅப் (வளையத்தருகே ஓடிப் போடுவது), டங்க், டிப் (எகிறிய பந்தைத் தட்டிப் போடுவது) தவிர மற்ற இரண்டு புள்ளி ஷாட்கள் எல்லாம் தொலைவுக் கணக்கில் போய்விடும். வளையத்துக்கு நாலடியில் மெல்ல உயர்த்திப் போட்ட ஃப்ளோட்டரும் அதில்தான். ஒருவருக்கொருவர் தடுப்பாட்டமும் எண்களில் சரியாகப் பிடிபடாது. ஸ்கிரீனில், அதாவது எதிரணி வீரர் வழிமறித்து நிற்பதில், மாட்டி மீளும் வேகம், உதவிக்கு ஓடும் நேரம் இரண்டையும் காணொளியில்தான் பார்க்க வேண்டும். கைவீச்சு அளவுக்கு டிராஃப்டுக்கு முன் வீரர்களை அளந்து சோதிக்கும் என்பிஏ கம்பைன் முகாமின் பட்டியலைப் பாருங்கள்.