ஹோஸ்ட்ஸ் ஃபைலா, உள் டிஎன்எஸ்ஸா?

அப்ளிகேஷன் சர்வர் எந்த ஐபியில் இருக்கிறது என்று வெப் சர்வருக்குச் சொல்லப் பொதுவாக இரண்டு வழிகள். ஒவ்வொரு மெஷினிலும் ஹோஸ்ட்ஸ் ஃபைலில், அதாவது பெயரையும் ஐபியையும் இணைக்கும் டெக்ஸ்ட் ஃபைலில், ஒரு வரி எழுதி வைக்கலாம். இல்லையென்றால் பெயரைக் கேட்டால் ஐபியைச் சொல்லும் ஒரு டிஎன்எஸ் சர்வரை நெட்வொர்க்குக்குள்ளேயே வைக்கலாம். வேகத்திலும் எளிமையிலும் ஹோஸ்ட்ஸ்தான். டிஎன்எஸ் படுத்துவிட்டாலும் அது பாட்டுக்கு வேலை செய்யும். ஆனாலும் நான் டிஎன்எஸ் பக்கம் வந்துவிட்டேன், பராமரிப்புக்காக மட்டும்.

எங்களிடம் ஆறு வெப் சர்வர்கள். அப்ளிகேஷன் சர்வரைப் புது மெஷினுக்கு மாற்றிய இரவு ஐந்தில் ஹோஸ்ட்ஸ் வரியைத் திருத்தினேன், ஆறாவது விட்டுப்போனது. பழைய மெஷினும் ஓடிக்கொண்டிருந்ததால் எரர் எதுவும் இல்லை. ஆறு முறை ரெஃப்ரெஷ் செய்தால் ஒரு முறை பழைய பக்கம் எட்டிப் பார்க்கும், அவ்வளவுதான். கோடில்தான் கோளாறு என்று பாதி இரவு போனது. மானிட்டரிங்குக்காக அதே பெயர் டிஎன்எஸ்ஸிலும் இருந்ததால், டிஎன்எஸ்ஸை நேரடியாகக் கேட்கும் டிக் கமாண்ட் எல்லா மெஷினிலும் சரியான ஐபியையே காட்டியது. டிக் ஹோஸ்ட்ஸ் ஃபைலைத் திரும்பியும் பார்க்காது என்பது அப்போது உறைக்கவில்லை. ஹோஸ்ட்ஸ் ஃபைலையும் சேர்த்துத் தேடும் கெட்என்ட் ஹோஸ்ட்ஸ் கமாண்டைக் கொடுத்த பிறகுதான் பழைய ஐபி பல்லிளித்தது.

டிஎன்எஸ்ஸில் ஒரே ரெக்கார்டைத் திருத்தினால் வேலை முடிந்தது என்று சொல்ல ஆசைதான். ஆனால் வெப் சர்வர் மென்பொருளான என்ஜின்எக்ஸ், பிராக்ஸி பாஸில் (கோரிக்கையை எந்த சர்வருக்கு அனுப்புவது என்று சொல்லும் வரி) நேரடியாக எழுதிய பெயரை ஸ்டார்ட் அல்லது ரீலோட் ஆகும்போது மட்டும்தான் தேடும். டிடிஎல், அதாவது டிஎன்எஸ் பதிலை நினைவில் வைத்திருக்கும் கெடு, 60 வினாடி வைத்தாலும் கண்டுகொள்ளாது. எந்த டிஎன்எஸ்ஸைக் கேட்பது என்று சொல்லும் ரிசால்வர் வரி ஒன்றைச் சேர்த்து, பெயரை ஒரு வேரியபிளில் போட்டுக் கொடுத்தால் வழிக்கு வரும். 1.27.3 முதல் இலவசப் பதிப்பிலும் அப்ஸ்ட்ரீம் (பின்னால் இருக்கும் சர்வர்களின் பட்டியல்) சர்வர் வரியில் ரிசால்வ் போடலாம், ஐபி மாறினால் அதுவே கவனித்துக்கொள்ளும். கூடவே, அந்தப் பட்டியலைப் பகிர்ந்த மெமரியில் வைக்கும் ஸோன் வரியும் வேண்டும். முன்பெல்லாம் அது காசு கொடுத்து வாங்கும் பதிப்பில்தான்.

டிஎன்எஸ் படுத்தால்? மெஷின் எந்த டிஎன்எஸ் சர்வரைக் கேட்க வேண்டும் என்று எழுதி வைக்கும் ரிசால்வ் கான்ஃப் ஃபைலில் இரண்டு நேம்சர்வர் (டிஎன்எஸ் சர்வர்) வையுங்கள். பதிலுக்குக் காத்திருக்கும் டைம்அவுட் இயல்பாக 5 வினாடி. முதலாவது விழுந்தால் ஒவ்வொரு தேடலும் அவ்வளவு நேரம் நிற்கும். நான் 1 ஆகக் குறைத்திருக்கிறேன்.

கான்சல் மாதிரியான சர்வீஸ் டிஸ்கவரியை (எந்த சர்வீஸ் எந்த மெஷினில் ஓடுகிறது என்று தானாகக் கண்டுபிடித்துச் சொல்லும் மென்பொருள்) டெஸ்ட் மெஷினில் ஓட்டிப் பார்த்ததோடு சரி, அதனால் அதைப் பற்றித் தீர்ப்பு எதுவும் சொல்ல மாட்டேன். மொத்தமே இரண்டு மெஷின் என்றால் இத்தனையும் வேண்டாம், ஹோஸ்ட்ஸ் போதும். நானே டேட்டாபேஸ் பெயரை மட்டும் இன்னும் ஹோஸ்ட்ஸில்தான் விட்டு வைத்திருக்கிறேன். அதில் கை வைக்கத் துணிச்சல் வரவில்லை.