வைஸா, ஸ்பிட்சரா, ஜேம்ஸ் வெப்பா? இளம் விண்மீன் ஆய்வுக்கு எந்தத் தரவு

பந்தாய் ஆச்சே ஷேக் தாஹிர் வானியல் மையத்தில் விடியவிடியக் காத்திருந்தாலும் நடு அகச்சிவப்பில் ஒன்றும் சிக்காது. பினாங்குக் காற்றின் நீராவி பாதியை விழுங்கும். மேகமும் புகைமூட்டமும் மீதியைப் பார்த்துக்கொள்ளும். வைஸ், ஸ்பிட்சர், ஜேம்ஸ் வெப் போன்ற விண்வெளித் தொலைநோக்கிகளின் தரவுக் காப்பகம்தான் நமக்கு வழி. அது இலவசம், மடிக்கணினி போதும்.

கண்ணாடி அளவில் போட்டியே இல்லை: ஜேம்ஸ் வெப் 6.5 மீட்டர், ஸ்பிட்சர் 85 செ.மீ., வைஸ் 40 செ.மீ. ஆனாலும் ஒரே செமஸ்டரில் இளம் விண்மீன்களின் ஒளி ஏற்ற இறக்கத்தை ஆராய வேண்டுமென்றால் என் ஓட்டு அந்தச் சின்ன வைஸுக்குத்தான்.

காரணம் காலம். மற்ற இரண்டும் யாரோ கேட்டுப் பெற்ற இடத்தைப் பார்த்தவை. வைஸ் முழு வானத்தையும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை சுற்றியது. 2010இல் தொடங்கி, 2011இல் உறங்கி, 2013 டிசம்பரில் நியோவைஸாக எழுந்து 2024 ஜூலை 31 வரை ஓடியது. இந்த இரண்டாம் கட்டத்தில் 3.4, 4.6 மைக்ரான் பட்டைகள் மட்டுமே. ஒவ்வொரு வருகையிலும் 7.7 விநாடிப் பதிவுகள் பத்துக்கு மேல் கிடைக்கும். பத்தாண்டு ஒளிவளைவு (காலத்தோடு பிரகாசம் மாறும் வரைபடம்) கையில்!

நாசாவின் அகச்சிவப்புத் தரவுக் களஞ்சியமான இர்சா (IRSA) காப்பகத்தில் நியோவைஸ் ஒற்றைப் பதிவு அட்டவணையை எடுத்து, விண்மீனைச் சுற்றி 3 வில்விநாடிக்குள் (ஒரு வில்விநாடி பாகையில் 3600இல் ஒரு பங்கு) தேடுங்கள். வேகமாக நகரும் விண்மீனென்றால் வட்டத்தைப் பெரிதாக்குங்கள். அடுத்தது வடிகட்டல், பலர் சறுக்குவது இங்கேதான். அட்டவணையில் சிசி ஃபிளாக்ஸ் (cc_flags, போலி ஒளிக் குறி) நான்கும் பூச்சியமாகவும், கியூஐ ஃபேக்ட் (qi_fact, படத்தின் தரம்) 1 ஆகவும், எஸ்ஏஏ செப் (saa_sep, தென் அட்லாண்டிக் கதிர்வீச்சுப் பகுதியிலிருந்து தூரம்) 5க்கு மேலும், மூன் மாஸ்க்ட் (moon_masked, நிலவொளிக் குறி) பூச்சியமாகவும் உள்ள வரிகளை மட்டும் வையுங்கள். இல்லையேல் நிலவொளியையே விண்மீனின் மாற்றமென்று எழுதிவிடுவீர்கள். ஒவ்வொரு வருகைக்கும் இடைநிலை மதிப்பு எடுத்து வரையுங்கள். மங்கும்போது நிறமும் சிவந்தால் தூசி குறுக்கே வந்திருக்கலாம். நிறம் மாறாமல் மங்கினால் வேறு காரணம் தேட வேண்டும்.

வைஸின் பலவீனம் இரண்டு. முதல் பட்டையில் 8, இரண்டாவதில் 7 பருமனைவிட (பிரகாச அளவு; எண் சிறிதானால் பிரகாசம் அதிகம்) பிரகாசமானவை நிறைவுற்றுவிடும், அதாவது உணரி அளக்க முடியாத அளவுக்கு ஒளி நிரம்பிவிடும். அந்த எண்களை நம்ப வேண்டாம். பிரிதிறன் (நெருங்கிய இரண்டைத் தனித்தனியே காட்டும் திறன்) சுமார் 6 வில்விநாடிதான் என்பதால் ஓரியன் நெபுலாவின் டிரபீசியம் விண்மீன் கூட்டம் போன்ற நெரிசலில் பக்கத்து விண்மீனும் சேர்ந்துவிடும்.

அந்தச் சந்தேகத்தைத் தீர்க்க ஸ்பிட்சர் நல்லது. அதன் ஐராக் கேமராப் படங்களில் பிக்சல் 1.2 வில்விநாடி. 2009 மே மாதம் குளிரூட்டும் ஹீலியம் தீரும்வரை 5.8, 8, 24 மைக்ரானிலும் பார்த்தது. படத்திலிருந்து நீங்களே அளந்தால் துளைத் திருத்தம் (அளக்கும் வட்டத்துக்கு வெளியே சிதறிய ஒளியைச் சேர்ப்பது) போட மறக்காதீர்கள். மறந்தால் விண்மீன் மங்கலாகவே வரும்.

இளம் விண்மீனைச் சுற்றியுள்ள தூசி வட்டின் பனி, தாதுக்களின் நிறமாலை வேண்டுமென்றால் வெப்புக்கு ஈடு கிடையாது. ஆனால் அதன் நடு அகச்சிவப்புக் கருவியான மிரியின் படப்புலம் 74 × 113 வில்விநாடிதான், பிரகாசமானவை சட்டென்று நிறைவுறும், புதிய பதிவுகள் பல ஓராண்டுவரை பூட்டிக் கிடக்கும். தொடங்குபவர்கள் ஐ2டி (i2d) என்ற, செயலாக்கி முடித்த படக் கோப்பை எடுங்கள். அதன் பிக்சல் மதிப்புகள் ஸ்டெரேடியனுக்கு (வானப் பரப்பின் அலகு) இத்தனை மெகாஜான்ஸ்கி (ஒளிப்பாய்வின் அலகு) என்று இருக்கும். கோப்பின் தலைப்பிலுள்ள பிக்ஸார் எஸ்ஆர் (PIXAR_SR, ஒரு பிக்சலின் வானப் பரப்பு) எண்ணால் பெருக்காமல் கூட்டினால் கிடைப்பது விண்மீனின் பிரகாசமல்ல.