தரைமூடுபனியில் கார் முகப்பு விளக்கு: ஹை பீமா, லோ பீமா?

மேகமற்ற, காற்றடங்கிய இரவில் தரை வெப்பத்தை இழக்கும். அதை ஒட்டிய ஈரக்காற்று குளிர்ந்து நுண்துளிகளாகும், அதுதான் தரைமூடுபனி. பள்ளங்களில் திட்டுத்திட்டாகத் தேங்கும். தலைக்கு மேலே நட்சத்திரம் தெரியும், சாலை தெரியாது!

பார்வை
ஹை பீம்: நேராகத் தூரம் பாயும் ஒளி துளிகளில் பட்டுக் கண்ணுக்கே திரும்பும், எதிரே வெள்ளைச் சுவர்.
லோ பீம்: கீழ்நோக்கி விழும், சாலைக்கோடு தெரியும். பம்பரில் ஃபாக் லேம்ப் (மூடுபனி விளக்கு) இருந்தால் ஓரமும் தெரியும்.

எதிரே வருபவர்
ஹை பீம்: கண் கூசும்.
லோ பீம்: தொல்லையில்லை.

திட்டுகளுக்கிடையே வெறிச்சோடிய, தெளிவான சாலைக்கு ஹை பீம். பள்ளத்தில் இறங்குமுன் லோ பீம். பகல்நேர விளக்கை (தானாக எரியும் சிறு முன்விளக்கு) மட்டும் நம்பாதீர்கள், பல கார்களில் அது மட்டும் எரியும்போது பின்விளக்கு எரியாது.