அறுபது நிமிட இளவரசன்: இன்று முதன்முறையாக ஆடுபவர் எந்தப் பதிப்பை எடுப்பது?

1990களின் நடுப்பகுதியில் இலங்கை மலையகத்தின் ஹட்டன் நகரில் நான் சென்ற கணினி வகுப்பில் பதினான்கு மாணவருக்கு இரண்டு கணினிகளே இருந்தன. பாடம் முடிந்து மிஞ்சும் கால் மணி நேரத்தில் மூத்த பையன்கள் ‘பிரின்ஸ் ஒஃப் பேர்சியா’ ஆடுவார்கள். தோட்டத்துக்குப் போகும் கடைசி பஸ்ஸைப் பிடிக்க வேண்டிய நான், புத்தகப்பையைத் தோளில் மாட்டியபடி கதவருகே நின்று இரண்டு நிமிடம் பார்த்துவிட்டு ஓடுவேன். அந்த விளையாட்டை என் கையால் ஆடும் வாய்ப்பு கடந்த டிசம்பர் விடுமுறையில், அக்கா வீட்டில், தரம் பத்தில் படிக்கும் அவளுடைய மகனின் பழைய மடிக்கணினியில்தான் கிடைத்தது. இன்று தொடங்குகிறவருக்கு முன்னால் பல பதிப்புகள் இருக்கின்றன. அவற்றில் நான்கை ஆடிப் பார்த்த பிறகு, எதை முதலில் எடுக்க வேண்டும் என்பதில் எனக்கு உறுதியான கருத்து உண்டு.

ஜோர்டன் மெக்னர் பல ஆண்டுகள் உழைத்து உருவாக்கிய இந்த ஆட்டம் 1989இல் அப்பிள் 2 கணினிக்கு வெளியானது. எங்கள் வகுப்பில் இருந்தது, அக்காலக் கணினிகளின் இயங்குதளமான டொஸ்ஸுக்கு 1990இல் வந்த பதிப்பு. 60 நிமிடங்களுக்குள் 12 கட்டங்களைக் கடந்து, அமைச்சன் ஜாஃபரின் பிடியிலிருந்து இளவரசியை மீட்க வேண்டும். இறந்தால் அந்தக் கட்டத்தின் தொடக்கத்துக்கு எத்தனை முறை வேண்டுமானாலும் திரும்பலாம், ஆனால் ஓடிய கடிகாரம் திரும்பி வராது. ஆகவே, இந்த ஆட்டத்தில் உயிருக்கு விலை இல்லை, நேரத்துக்குத்தான் விலை. எந்தப் பதிப்பையும் நான் இந்த ஒன்றை வைத்தே மதிப்பிடுகிறேன்.

டொஸ் பதிப்பை இன்றைய கணினியில் ஆட டொஸ்பொக்ஸ் என்ற இலவச மென்பொருள் போதும். முதல் அரை மணி நேரம் எரிச்சலாகவே இருக்கும். மெக்னர் தம் தம்பி ஓடுவதையும் தாவுவதையும் வீடியோவில் எடுத்து, அதன் ஒவ்வொரு சட்டகத்தையும் பார்த்து வரைந்ததால், இளவரசனுக்கு உண்மையான உடலின் எடை இருக்கிறது: ஓடிக்கொண்டிருப்பவன் விசையை விட்டவுடன் நிற்க மாட்டான், சறுக்கித்தான் நிற்பான்; பள்ளத்தைத் தாண்ட விளிம்புக்கு ஓரடி முன்பே விசையை அழுத்த வேண்டும். தொடுதிரை விளையாட்டுகளில் பழகிய மருமகன், நான் மூன்றாவது முறையாக முட்களில் விழுந்தபோது, “மாமா, இது நீங்க சொல்றத கேக்கவே மாட்டேங்குது” என்றான். ஷிஃப்ட் விசையை அழுத்திக்கொண்டு ஒவ்வோர் அடியாக நடந்தால் விளிம்பில் இளவரசன் தானாக நின்றுவிடுகிறான் என்பதைக் கண்டுகொண்ட பிறகுதான் ஆட்டம் எனக்குப் பிடிபட்டது. மழை நாளில் தேயிலை மலையின் சறுக்குப் படிகளில் இறங்கியவருக்கு அந்த நடை புதிதல்ல. ஆனால் அப்படி நடந்துகொண்டே இருந்தால் 60 நிமிடம் போதாது. எங்கே நடப்பது, எங்கே துணிந்து ஓடுவது என்று கற்றுக்கொள்வதுதான் ஆட்டமே.

எங்கள் பகுதியில் மழை கனத்தால் மின்சாரம் போவது வழக்கம், மருமகனின் கணினியிலோ பற்றரி உயிரோடு இல்லை. இதற்கும் டொஸ் பதிப்பில் வழி உண்டு: மூன்றாம் கட்டத்திலிருந்து ‘கன்ட்ரோல்’ விசையுடன் ‘ஜி’ விசையை அழுத்திச் சேமிக்கலாம். கட்டத்தின் தொடக்கமும் எஞ்சிய நேரமும் மட்டுமே சேமிக்கப்படுவதால் கடிகாரத்தின் மரியாதை கெடுவதில்லை.

இதற்கு நேர்ப் போட்டி எஸ்.டி.எல்.பொப். டொஸ் பதிப்பின் நிரலைப் பிரித்து ஆராய்ந்து ஆர்வலர்கள் மீட்டெழுதிய இந்த இலவச மென்பொருளில் இளவரசனின் எடை, சறுக்கல், வாள்வீச்சு எல்லாம் பழையபடியே இருக்கின்றன. டொஸ்பொக்ஸை அமைக்கும் சிரமம் இல்லை. கையில் பிடித்து ஆடும் கேம்பேட் கருவியும் வேலை செய்கிறது. ஆனால் இதில் எந்த நொடியிலும் சேமித்து, எந்த நொடிக்கும் திரும்பும் வசதி உண்டு. அதைப் பயன்படுத்தி நான்காம் கட்டத்தைக் கடந்தபோது ஒவ்வொரு தாவலையும் சரியாக வரும்வரை திரும்பத் திரும்பச் செய்தேன். கட்டம் முடிந்தது, ஆனால் எதுவும் கைக்குப் பழகவில்லை. அந்த வசதியை அணைத்து வைத்தபின் மூலத்துக்கும் இதற்கும் எனக்கு வேறுபாடு தெரியவில்லை. எனவே, அமைப்புகளைத் தொடத் தயங்காதவர்களுக்கு இதையே பரிந்துரைப்பேன். திரும்பும் விசை கைக்கெட்டினால் அழுத்தாமல் இருக்க முடியாது என்று நினைப்பவர்கள் டொஸ் மூலத்தையே எடுக்க வேண்டும்.

தொலைக்காட்சியில் இணைத்து ஆடும் சூப்பர் நின்டென்டோ கருவிக்கு 1992இல் வந்த பதிப்பு வேறு வகையானது. கட்டங்கள் 20, நேரம் 120 நிமிடம். நிறங்களும் இசையும் செழிப்பானவை. கட்டந்தோறும் கிடைக்கும் கடவுச்சொல்லைக் கொப்பியில் எழுதி வைத்துப் பிறகு தொடரலாம். எனக்கு இதன் அழகு பிடித்தது. ஆனாலும் முதல் ஆட்டத்துக்கு இது பொருந்தாது, ஏனென்றால் மூலத்தின் வெறிச்சோடிய நிலவறையில், காலடிச் சத்தம் மட்டும் கேட்கும் அந்த அமைதியில், ஒரு பலகை அசைவது எவ்வளவு பெரிய செய்தியோ, அது இங்கே அலங்காரத்துக்குள் மறைந்துவிடுகிறது. மூலத்தை முடித்தவருக்கு இது நல்ல இரண்டாம் விருந்து.

2007இல் வந்த மறு உருவாக்கம், பழைய கட்டங்களின் அமைப்பை முப்பரிமாணத் தோற்றத்தில் தருகிறது. ஒரு மாலைப் பொழுதுக்குப் போதும்.

இன்னொரு தெரிவையும் சொல்ல வேண்டும். டொஸ் பதிப்பைத் தொடங்கும் கட்டளையோடு ‘மெகாஹிட்’ என்ற சொல்லைச் சேர்த்தால் கட்டங்களைத் தாண்டிப் போகலாம். எங்கள் வகுப்பின் மூத்த பையன்கள் அப்படித்தான் ஆடினார்கள் என்பது இப்போதுதான் எனக்குப் புரிகிறது. இன்று முழு ஆட்டத்தையும் தீர்வுகளோடு காட்டும் காணொளிகள் அதே வேலையைச் செய்கின்றன. நான் மிகவும் எதிர்க்கும் தெரிவு இதுதான். நான்காம் கட்டத்தில் முகம் பார்க்கும் கண்ணாடி ஒன்றின் ஊடாகப் பாயும்போது இளவரசனின் நிழல் தனியே பிரிந்து ஓடுகிறது. நினைவகம் மிகக் குறைவான அப்பிள் 2இல் புதிய பகைவனை வரைய இடமில்லாததால், இளவரசனின் உருவங்களையே மாற்றிக் காட்டி மெக்னர் உருவாக்கிய பாத்திரம் அது. அடுத்தடுத்த கட்டங்களில் அது செய்யும் குறும்புகளை அனுபவித்துவிட்டு, 12ஆம் கட்டத்தில் அதை வாளோடு நேருக்கு நேர் சந்தித்தபோது என்ன செய்வதென்று தெரியாமல் எட்டு முறை இறந்தேன். விடை சிக்கிய அந்த நொடியில், இரவு பதினொரு மணிக்கு, அக்கா எழுந்து வந்து பார்க்குமளவுக்குச் சத்தமிட்டுவிட்டேன். விடையை முன்பே அறிந்தவருக்கு அது வெறும் ஒரு விசை அழுத்தம்.

மருமகன் இப்போது எஸ்.டி.எல்.பொப்பில், உடனடிச் சேமிப்பை அணைத்துவிட்டு ஆடுகிறான். நேற்று தொலைபேசியில் அழைத்தான். எட்டாம் கட்டத்தில் கதவு மூடிக்கொண்டதாம், வெளியேற வழியே இல்லையாம், கடிகாரம் மட்டும் ஓடுகிறதாம். நான் ஒன்றும் சொல்லவில்லை.