ஒரு டாலர் கொடுத்தாலும் தலை எண்ணப்படும்: கிவெத் தளம் பற்றி

நான் வெப் டெவலப்பர். என் வேலையில் பெரும்பங்கு, முகம் தெரியாத யாரோ எழுதி இலவசமாக விட்ட நிரல்களின் மேல்தான் நிற்கிறது. எத்திரியம் என்ற பிளாக்செயின் சார்ந்த வேலை வந்தால் முதலில் கை போவது ஈதர்ஸ்.ஜேஎஸ் என்ற நிரல் நூலகத்துக்கு. இப்படி எல்லோருக்கும் பயன்படுகிற பொதுச் சொத்துக்குக் காசு கொடுப்பது யார்? எல்லோரும் பயன்படுத்துகிறோம், கொடுக்கும் நேரத்தில் அடுத்தவரைப் பார்க்கிறோம். இந்தச் சிக்கலைத் தீர்க்க முயலும் தளங்களில் நான் தொடர்ந்து பயன்படுத்துவது கிவெத், கிரிப்டோவில் நன்கொடை கொடுக்கும் தளம்.

இதைத் தொடங்கியவர்களில் ஒருவர் கிரிஃப் கிரீன். 2016இல் எத்திரியத்தில் இயங்கிய 'தி டாவோ' என்ற கூட்டு முதலீட்டு நிதி திருடப்பட்டபோது மிச்சப் பணத்தை மீட்கப் பாடுபட்ட வைட் ஹேட் (நல்ல நோக்கமுள்ள ஹேக்கர்கள்) குழுவில் இருந்தவர். அதே ஆண்டில்தான் கிவெத்தும் பிறந்தது. இதன் அடிப்படை எளிது: நாம் கொடுக்கும் கிரிப்டோ நேராகத் திட்டத்தை நடத்துபவரின் வாலட்டுக்கு, அதாவது அவருடைய கிரிப்டோ பணப்பைக்குப் போகிறது. நடுவில் யாரும் பணத்தை வாங்கி வைத்துக்கொள்வதில்லை, தளத்துக்குக் கமிஷனும் கிடையாது. பணம் செலுத்தும் திரையில் 'கிவெத்துக்கும் கொஞ்சம் கொடுங்கள்' என்று கேட்பார்கள், விருப்பமில்லை என்றால் பூஜ்ஜியம் ஆக்கிவிடலாம். நான் கொஞ்சம் கொடுக்கிறேன், தளமும் பொதுச் சொத்துதானே.

ஆனால் நான் இங்கே வருவதற்கு முக்கியக் காரணம், அவ்வப்போது நடக்கும் குவாட்ராடிக் (வர்க்கக் கணக்கு) நிதிச் சுற்றுகள்: கொடுத்த தொகையை விடக் கொடுத்த ஆட்களின் எண்ணிக்கைக்கு எடை தந்து, பொது நிதியைப் பகிரும் முறை. 2018இல் எத்திரியத்தை உருவாக்கியவர்களில் ஒருவரான விட்டாலிக் புட்டரின், ஜோயி ஹிட்சிக், கிளென் வெய்ல் மூவரும் எழுதிய ஆய்வுக் கட்டுரையில் வந்த யோசனை இது. 2019இல் கிட்காயின் என்ற இன்னொரு நிதித் தளம் இதைக் கையில் எடுத்து நடத்திக் காட்டியது. கணக்கு இதுதான்: ஒவ்வொருவரும் கொடுத்த தொகைக்கு வர்க்கமூலம் எடுங்கள், அவற்றைக் கூட்டுங்கள், கூட்டுத்தொகையை வர்க்கம் செய்யுங்கள். ஒரு திட்டத்துக்கு 100 பேர் ஆளுக்கு 1 டாலர் கொடுத்தால், வர்க்கமூலங்களின் கூட்டுத்தொகை 100, அதன் வர்க்கம் 10,000. இன்னொரு திட்டத்துக்கு ஒரே ஆள் 100 டாலர் கொடுத்தால், வர்க்கமூலம் 10, அதன் வர்க்கம் 100. வசூல் இரண்டுக்கும் அதே 100 டாலர்தான், எடையில் நூறு மடங்கு வித்தியாசம். புரவலர்கள் தனியாகப் போட்டு வைத்த பொது நிதியிலிருந்து ஒவ்வொரு திட்டத்துக்கும் கிடைக்கும் இணைத்தொகையை இந்த எடைதான் முடிவு செய்கிறது. ஒரே திட்டம் அள்ளிக்கொண்டு போகாமல் இருக்க உச்சவரம்பும் வைப்பதுண்டு.

கோயில் திருவிழா வசூலில் பெரிய தொகை கொடுத்தவர் பெயர்தான் பலகையில் முதலில் வரும். இங்கே எத்தனை வீடு கொடுத்தது என்பதுதான் முதல் கேள்வி. என்னைப் போல மாதச் சம்பளத்தில் கொஞ்சம் ஒதுக்குகிறவருக்கு இது எவ்வளவு பெரிய மரியாதை என்பதை, முதல் தடவை அந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தபோது உணர்ந்தேன்.

கொடுக்கும் விதத்தையும் சொல்லிவிடுகிறேன். நான் நோசிஸ் செயின் என்ற, கட்டணம் குறைவான பிளாக்செயின் சங்கிலியில் கொடுக்கிறேன். அதன் சொந்த நாணயமான எக்ஸ்டாயின் மதிப்பு டாலரோடு பிணைக்கப்பட்டது, பரிமாற்றக் கட்டணம் ஒரு சென்ட்டுக்கும் கீழே. எத்திரியம் பிரதான சங்கிலியில் கூட்டமான நேரத்தில் அனுப்பினால் நன்கொடையை விடக் கட்டணம் அதிகமாகிவிடலாம், சின்ன நன்கொடைக்கு அது ஆகாது. திட்டத்தின் பக்கத்தில் தொகையைத் தட்டி, வாலட்டில் ஒப்புதல் கொடுத்தால் போதும், சில நொடிகளில் முடிந்துவிடும். பிறகு பரிமாற்றங்களைக் காட்டும் பொதுப் பக்கமான நோசிஸ் எக்ஸ்ப்ளோரரைத் திறந்து அந்தப் பரிமாற்றத்தை நானே பார்ப்பேன்: என் முகவரி, திட்டத்தின் முகவரி, தொகை. இந்த மூன்றையும் உலகத்தில் யார் வேண்டுமானாலும் சரிபார்க்கலாம். அதே காரணத்தால், தவறான இடத்துக்குப் போன பணத்தைத் திருப்பித் தர யாரும் இல்லை.

தொடர்ந்து கொடுக்க நினைப்பவர்களுக்கு ஆப்டிமிசம் என்ற இன்னொரு சங்கிலியில் சூப்பர்ஃப்ளூயிட் என்ற கருவி வழியாக நொடிக்கு நொடி ஒழுகும் நன்கொடை வசதி உண்டு. பராமரிப்பு வேலை செய்பவருக்கு ஒரே தடவை வரும் பெரிய தொகையை விட இதுதான் உதவும் என்பது என் எண்ணம்.

சரி, பலவீனம் எங்கே? எடையே தலைகளை வைத்து என்பதால், ஒரே ஆள் நூறு வாலட் திறந்து தன் 100 டாலரைப் பிரித்துக் கொடுத்தால் 100 என்ற எடை 10,000 ஆகிவிடும். இதைத் தடுக்கத்தான், நாம் ஒரு உண்மையான தனி ஆள்தான் என்று காட்டும் பாஸ்போர்ட் என்ற ஏற்பாடு. கூகுள், கிட்ஹப் போன்ற கணக்குகளை இணைத்து முத்திரை சேர்க்க வேண்டும். மதிப்பெண் போதாவிட்டால் நம் நன்கொடை திட்டத்துக்குப் போய்ச் சேரும், ஆனால் இணைத்தொகைக் கணக்கில் ஏறாது. இது தேவைதான் என்று ஏற்கிறேன். ஆனாலும் பழைய கணக்குகள் நிறைய வைத்திருக்கும் என் போன்ற கணினிக்காரருக்கு எளிதாகவும், புதிதாக வரும் ஆசிரியருக்கோ விவசாயிக்கோ கடினமாகவும் இருக்கிற வாசல் இது. எல்லோரையும் எண்ணுவதாகச் சொல்லும் முறையில் இது சின்னக் குறை இல்லை. காசு கொடுத்து ஆட்களைத் திரட்டுவது இன்னொரு ஆபத்து. க்ளர்.ஃபண்ட் என்ற இன்னொரு குவாட்ராடிக் நிதித் தளம் அதற்காக மாசி (MACI) என்ற மறையாக்க முறையைக் கொண்டது: யார் யாருக்குக் கொடுத்தார் என்று நிரூபிக்கவே முடியாததால், விலை பேசி வாங்குபவருக்கு உத்தரவாதம் கிடைக்காது.

அப்புறம், இணைத்தொகை யாரோ போட்டால்தான் உண்டு. பெரும்பாலும் கிரிப்டோ உலகத்து அமைப்புகள்தான் போடுகின்றன, சந்தை சரிந்தால் அந்தப் பானையும் வற்றும். கிட்காயினே தன் கிராண்ட்ஸ் மென்பொருள் பிரிவை 2025 மே மாதத்தோடு மூடிவிட்டது.

இந்தியாவிலிருந்து கொடுப்பவர்கள் கவனிக்க: யுபிஐ கிடையாது. கிரிப்டோ லாபத்துக்கு 30 சதவீத வரியும், பரிமாற்றத்தில் 1 சதவீத டிடிஎஸ்ஸும் 2022 முதல் நடைமுறையில் இருக்கின்றன. வெளிநாட்டுத் திட்டங்களுக்குக் கொடுப்பதால் 80ஜி வரிச்சலுகையும் எதிர்பார்க்க முடியாது. நான் நாணயம் வாங்கிய எக்ஸ்சேஞ்ச் (கிரிப்டோ வாங்கி விற்கும் தளம்) ஒன்றில் பணத்தை வெளியே எடுப்பதே பெரும்பாடாக இருந்தது, அது வேறு கதை. கிரிப்டோவே வேண்டாம் என்பவர் திட்டத்தின் சொந்தப் பக்கத்திலேயே கொடுக்கும் வழியைத் தேடுவது நல்லது. ஏற்கெனவே வாலட் வைத்திருக்கும் டெவலப்பர்களுக்கு நான் தயங்காமல் சொல்வேன்: கொடுங்கள்.

சுற்று அறிவித்த பிறகு பாஸ்போர்ட்டுக்கு ஓடாதீர்கள். இப்போதே முத்திரைகளைச் சேர்த்து வைத்துக்கொண்டு, நீங்கள் அன்றாடம் பயன்படுத்தும் நூலகங்களில் எவை அங்கே பதிவாகியிருக்கின்றன என்று தேடிப் பாருங்கள். பதிவாகாத நூலகம் இருந்தால் அதை எழுதுகிறவருக்கு ஒரு மின்னஞ்சல் போடுங்கள், திட்டப் பக்கம் தொடங்குவதற்குக் கட்டணம் இல்லை.