காவிரிக் கரையில் இரண்டு நாள்: வாடகைக்கு எடுத்த கிராவல் சைக்கிளும் கடைக்காரர்கள் கொடுத்த வழியும்

திருச்சியில் ஒரு கடை கிராவல் சைக்கிளை வாடகைக்குக் கொடுக்கிறது. கூடவே, கல்லணையிலிருந்து கும்பகோணம் வரை முடிந்த அளவு ஆற்றங்கரையிலேயே போகிற வழி ஒன்றையும் போனில் ஏற்றித் தருகிறார்கள். பொங்கல் முடிந்த வார இறுதியில் போய் வந்தேன். இரண்டு நாளைக்கு 2,600 ரூபாய், ஹெல்மெட்டும் கைப்பம்பும் சேர்த்து. வழிக்கு முழு மார்க் போடுவேன். வண்டிக்கு அப்படிப் போட முடியவில்லை.

நம் ஊரில் கிராவல் என்றால் லாரியில் கொண்டுவந்து கொட்டுகிற செம்மண்தான். அந்த மாதிரி பாதைக்கென்றே செய்த சைக்கிள் இது. ஹேண்டில் ரேஸ் சைக்கிள் மாதிரி வளைந்திருக்கும், டயர் மட்டும் அகலம், எனக்குக் கிடைத்ததில் 40 மி.மீ. டெல்டாவில் ஏற வேண்டிய மேடு என்று ஒன்றும் கிடையாது, அதனால் கியரைப் பற்றிக் கவலையே வேண்டாம், எல்லாம் டயரைப் பொறுத்துத்தான். 50 பிஎஸ்ஐ அழுத்தத்தில் காற்று அடித்துக் கொடுத்திருந்தார்கள், கல்லணை தாண்டிக் கரைமேல் ஏறியதுமே மணிக்கட்டு வலிக்க ஆரம்பித்துவிட்டது. 35க்கு இறக்கிய பிறகு வண்டி வேறு வண்டியாகிவிட்டது.

கல்லணையில் காவிரி, வெண்ணாறு, புது ஆறு என்று தண்ணீர் பிரிகிற இடத்தில் நின்று பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். அதன் பிறகு இரண்டு நாளும் இந்தத் தண்ணீரும் இதன் கிளைகளும்தான் கூட வரும். திருக்காட்டுப்பள்ளி வரை தென்கரை. தார்ச்சாலை பக்கத்திலேயே இருந்தாலும் வழி அதில் போகாமல் கரைமேல் ஏற்றிவிடுகிறது, இரண்டு சக்கரத் தடம், நடுவில் புல். இடது பக்கம் நாணலும் ஆறும். வலது பக்கம் நிலமெல்லாம் கரையை விடத் தாழ்வு, வாழைத் தோட்டத்தை மேலிருந்து, இலைகளின் முதுகைப் பார்த்துக்கொண்டே ஓட்டலாம். தார்ச்சாலையில் நூறு தடவை போயிருந்தாலும் இந்தக் காட்சி கிடைக்காது. வழி போட்டவர் ஒவ்வொரு தடத்தையும் தானே ஓட்டிப் பார்த்திருக்கிறார் என்று தெரிகிறது, எங்கேயும் முட்டுச்சந்தில் கொண்டுபோய் நிறுத்தவில்லை.

சரி, வண்டிக்கு வருகிறேன். பதிவு செய்யும்போது ட்யூப்லெஸ் டயர் என்றுதான் சொன்னார்கள். திருக்காட்டுப்பள்ளிக்கு முன்னால் பின்சக்கரம் உட்கார்ந்தபோதுதான் உள்ளே ட்யூப் இருப்பதே தெரிந்தது. கரை முழுக்கச் சீமைக்கருவேலம். வெட்டிப்போட்ட கிளைகளின் முள் காய்ந்து தடத்திலேயே கிடக்கிறது. ட்யூப்லெஸ்ஸாக இருந்தால் உள்ளே ஊற்றியிருக்கும் திரவம் அந்த ஓட்டையைத் தானாக அடைத்திருக்கும். தள்ளிக்கொண்டே போய் ஒரு சைக்கிள் கடையைப் பிடித்தேன். பெரியவர் ஒருவர், பார்த்ததுமே, "என்ன தம்பி, இது வாய் இவ்வளவு ஒல்லியா இருக்கு, நம்ம பம்பு பிடிக்காதே" என்றார். பிரெஸ்டா என்கிற வகை வால்வு. "கைப்பம்பு இருக்குங்கய்யா" என்றேன். ட்யூபைத் தண்ணீர்த் தட்டில் முக்கி ஓட்டையைக் கண்டுபிடித்து ஒட்டினார். நான் உடனே மாட்டப் போனேன், கையைப் பிடித்து நிறுத்திவிட்டு, பழைய வேட்டித் துணி ஒன்றை டயருக்குள் விட்டு மெதுவாக ஒரு சுற்று இழுத்தார். துணி ஓர் இடத்தில் மாட்டிக்கொண்டது. அங்கே அரிசி முனை அளவுக்கு ஒரு முள், வெளியிலிருந்து பார்த்தால் தெரியவே தெரியாது. "இத எடுக்காம மாட்டுனா அடுத்த தெருவுல திரும்ப வருவீங்க" என்றார். 40 ரூபாய்தான் வாங்கினார். பிரெஸ்டாவுக்குப் போடுகிற சின்னப் பித்தளை அடாப்டர் ஒன்றை வாடகைக் கடை பையில் போட்டுக் கொடுத்திருந்தால், பெரியவரின் பம்பிலேயே அடித்திருக்கலாம், கைப்பம்பில் இருநூறு தடவைக்கு மேல் அடித்திருக்க வேண்டியதில்லை. மறுநாளும் ஒரு பஞ்சர். அதை நானே துணி விட்டுப் பார்த்துச் சரிசெய்தேன்.

முதல் நாள் திருவையாற்றில் தங்கல். அசோகா அல்வாவைச் சூடாகச் சாப்பிட்டுவிட்டு, புஷ்ய மண்டபப் படித்துறையில் இருட்டும்வரை உட்கார்ந்திருந்தேன். மேட்டூர் அணையை வழக்கமாக ஜனவரி 28 வாக்கில் மூடிவிடுவார்கள், ஆற்றில் தண்ணீர் ஓடும்போதே, அதற்கு முன்னால் போனால்தான் இந்த ஓட்டத்துக்கு அர்த்தம். தியாகராஜ ஆராதனை நாட்களில் மட்டும் அறை கிடைக்காது, தேதி பார்த்துக்கொள்ளுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் போகவே வேண்டாம், வண்டல் களி டயருக்கும் சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஃபோர்க்குக்கும் நடுவில் அடைத்துக்கொண்டால் சக்கரம் சுற்றாது.

இரண்டாம் நாள் வடகரையில் கணபதி அக்ரஹாரம், கபிஸ்தலம், சுவாமிமலை. தை மாதத்து வாடைக்காற்று இடது கன்னத்தில் அடித்துக்கொண்டே இருக்கும், காலையில் சீக்கிரம் கிளம்புவது நல்லது. அறுவடை நேரம் என்பதால் கரையில் நெல் காயப்போட்டிருப்பார்கள், அந்த இடத்தில் இறங்கித் தள்ளிக்கொண்டு போங்கள்.

கணபதி அக்ரஹாரத்திலிருந்து தெற்கே அய்யம்பேட்டை பக்கம் விலகி, புள்ளமங்கைக்கு வழி போட்டிருக்கிறார்கள், அதற்காகவே இந்தக் கடையை மெச்சுகிறேன். முதலாம் பராந்தகன் காலத்துக் கோயில். தஞ்சைப் பெரிய கோயிலுக்கு மூத்தது. அடிப்பகுதியில், உள்ளங்கை அகலம் இருக்குமோ இல்லையோ, அவ்வளவு சின்னக் கட்டங்களில் ராமாயணக் காட்சிகள். தரையில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தால்தான் முகங்கள் தெரியும். கடையின் குறிப்பில் இதற்கு 20 நிமிடம் ஒதுக்கியிருக்கிறார்கள், நான் ஒன்றரை மணி நேரம் இருந்தேன், அதுவும் போதவில்லை.

சுவாமிமலையில் ஐம்பொன் சிலை வார்க்கிற ஸ்தபதிகளின் பட்டறை ஒன்றில் நுழைந்து பார்த்தேன். மெழுகு உருவத்தின்மேல் பூசுவது காவிரி வண்டல் மண். அவ்வளவு நேரம் என் டயரில் ஒட்டிவந்த அதே மண், அங்கே மெழுகுச் சிலையின் நகக்கண் வரை இறங்கி அச்செடுக்கிறது.

தாராசுரத்துக்கு நேரம் பற்றவில்லை. ஞாயிறு மாலைக்குள் வண்டியைத் திருச்சியிலேயே திருப்பித் தர வேண்டும் என்பது கடையின் விதி, அதனால் இரண்டாம் ராஜராஜன் கட்டிய ஐராவதேசுவரர் கோயிலில் தேர்ச்சக்கரத்தின் முன் பத்து நிமிடம் நின்றுவிட்டு, சைக்கிளை ஏற்றிப்போகச் சரக்கு வண்டி பிடிக்க ஓடினேன். கும்பகோணத்தில் வண்டியை ஒப்படைக்க ஓர் இடம் வைத்தால், அதற்கு 500 ரூபாய் கூடக் கேட்டாலும் தருவேன். இதைக் கடையில் சொன்னேன், பார்க்கிறோம் என்றார்கள்.

ஆடிப்பெருக்கு வாரத்துக்குத் திரும்பவும் பதிவு செய்திருக்கிறேன். புதுத் தண்ணீரைக் கரைமேலிருந்து பார்க்க வேண்டும். இந்த முறை ட்யூப்லெஸ் என்று பில்லிலேயே எழுதி வாங்கிக்கொண்டேன்.