ரெஸ்டோரேடிவ் யோகாவில் குளிராமல் படுப்பது எப்படி: பல வருட அனுபவம்

தலையணை, போர்வை போன்றவற்றில் உடம்பைத் தாங்கவைத்து, ஒரே நிலையில் வெகுநேரம் ஓய்வெடுப்பதுதான் ரெஸ்டோரேடிவ் யோகா. இதைத் தொடங்குகிறவர்கள் எந்த போல்ஸ்டர் (சாய்ந்துகொள்ளும் தடித்த நீளத் தலையணை) வாங்கலாம் என்றுதான் முதலில் கேட்கிறார்கள். பல வருடமாகச் செய்துவருகிற நான், முதலில் போர்வையைக் கவனியுங்கள் என்பேன். குளிர் ஏறிவிட்டால் தோள் தானாக இறுகும். அப்புறம் எந்த போல்ஸ்டரும் உதவாது.

படுத்துக் கொஞ்ச நேரத்தில் குளிர்வது இயல்புதான். தசைகளுக்கு வேலை இல்லாததால் உடம்பில் சூடு உண்டாவது குறைகிறது. மனசு அமைதியாக ஆக, தோலில் உள்ள ரத்தக் குழாய்கள் விரிந்து, இருக்கிற சூடும் வெளியேறுகிறது. அதனால் படுக்கும்போது குளிரவில்லையே என்று போர்வையை ஒதுக்கிவைக்காதீர்கள். பாதியில் எழுந்து இழுத்துப் போர்த்தினால் ஓய்வே கலைந்துவிடும். ஏற்கெனவே ஆசனங்கள் செய்து வியர்த்திருந்தால், ஈரச் சட்டையை மாற்றிவிட்டுப் படுங்கள்.

பலரும் கவனிக்காதது தரை. யோகா மேட் வழுக்காமல் இருப்பதற்கானது. சில மில்லிமீட்டர் தடிமன், டைல்ஸ் தரையின் குளிரை எவ்வளவு தடுக்கும்? இரண்டே போர்வை இருந்தால், ஒன்றைக் கண்டிப்பாக அடியில் விரித்துவிடுவேன். இதற்குக் கம்பளியை மிஞ்ச எதுவுமில்லை. இழைகளுக்கு நடுவே காற்றைப் பிடித்துவைத்துக்கொள்ளும், நம் எடையில் முழுக்க நசுங்கிப்போகாது. அரித்தால் மேலே ஒரு பருத்தித் துணி போதும். ஃப்ளீஸ் என்கிற மெத்தென்ற செயற்கை இழைப் போர்வை லேசானது, துவைத்தால் சீக்கிரம் காயும். ஆனால் வழுக்கும். போல்ஸ்டர் மேல் அதைப் போட்டு சுப்த பத்த கோணாசனத்தில் (பாதங்களைச் சேர்த்து, முழங்கால்களைப் பக்கவாட்டில் விரித்து மல்லாந்து படுக்கும் ஆசனம்) சாய்ந்தால், இடுப்பு மெதுவாக நழுவி, சற்று நேரத்தில் கீழ்முதுகு போல்ஸ்டரை விட்டு விலகியிருக்கும். ஃப்ளீஸை மேலே போர்த்த மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

கால்களைச் சுவரோடு மேலே தூக்கிவைத்துப் படுக்கும் விபரீத கரணியில் முதலில் சில்லிடுவது பாதம்தான். தளர்வான சாக்ஸ் போடுங்கள். எலாஸ்டிக் இறுக்கினால் கவனம் முழுக்க அங்கேயே போகும். கால்மேல் போட்ட போர்வை சரிந்து விழாமல் இருக்க, அதன் ஓரத்தைப் பாதத்தின் மேல் மடித்து, குதிகாலுக்கும் சுவருக்கும் நடுவில் செருகிவிடுவேன்.

சவாசனத்தில் வயிற்றின் மேல் வெந்நீர்ப் பை வைப்பது எனக்கு மிகவும் பிடிக்கும். அந்த இளஞ்சூடும் லேசான கனமும் சேர்ந்து மூச்சை ஆழமாக்கும். கொதிநீர் ஊற்றாதீர்கள், துணி சுற்றாமல் வைக்காதீர்கள். சர்க்கரை நோயால் பாதம் மரத்திருப்பவர்கள் அதைக் காலருகே வைக்கவே கூடாது, சுட்டாலும் தெரியாது. அவர்களுக்கு இரண்டு ஜோடி சாக்ஸே போதும்.